டோரா: நீர்மூழ்கித் தளம் ஆவணக் காப்பகமான கதை

திரொண்ட்ஹைம் புகையிரத நிலையத்திலிருந்து கிழக்குப் பக்கமாகத் துறைமுகக் கரையோடு நடந்தால் நீஹாவ்னா என்ற பகுதி வரும். பட்டறைகளும் களஞ்சியங்களும் நிறைந்த பழைய கப்பல்துறை அது. அங்கே கடலுக்குள் ஒரு பாதியும் கரையில் ஒரு பாதியுமாக, சாம்பல் நிறத்தில் பெரிய கொங்கிரீட் பாறை போல ஒரு கட்டடம் நிற்கிறது. நீளம் 150 மீற்றருக்கு மேல், அகலம் 100 மீற்றருக்கு மேல். சுவர்கள் சுமார் மூன்று மீற்றர் தடிப்பு, கூரை மூன்றரை மீற்றர் தடிப்பு. அம்மருட்டில் எங்கள் அடுக்குமாடி வீடுகளில் தரைக்கும் முகட்டுக்கும் இடைவெளி இரண்டரை மீற்றர் வரும். அந்தக் கூரையின் தடிப்பே அதைவிட ஒரு மீற்றர் கூட.

இதன் பெயர் டோரா. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியர் கட்டிய நீர்மூழ்கிக் கப்பல் தளம். கோடை விடுமுறைக்கு வடக்கே கார் ஓட்டிப் போகிற எம்மவர்கள் திரொண்ட்ஹைமில் ஓர் இரவு தங்குவதுண்டு. நிடாரொஸ் பேராலயத்தைப் பார்ப்பார்கள், ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கும் பழைய மர வீடுகளுக்கு முன்னால் படம் எடுப்பார்கள். டோராவுக்கு யாரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதாகக் காணவில்லை. அதில் பார்க்க அழகாக ஒன்றும் இல்லைத்தான். ஆனால் அதன் வரலாறு எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அந்நியமானது அல்ல.

பெயருக்குப் பின்னால் பெரிய கதை எதுவும் இல்லை. தொலைபேசியில் எழுத்துகளை மாறிக் கேட்காமல் இருக்க ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பெயர் சொல்வார்கள் அல்லவா, அந்த ஜேர்மன் வழக்கில் 'டி' எழுத்துக்கு டோரா என்று பெயர். திரொண்ட்ஹைமை ஜேர்மனியர் 'ட்ரொண்ட்ஹைம்' என்று 'டி' போட்டு எழுதினார்கள். பேர்கன் நகரில் கட்டிய தளத்துக்கு அதே முறையில் 'புரூனோ' என்று பெயர் வைத்தார்கள்.

ஏன் திரொண்ட்ஹைம்?

போர்த் துறைமுகம் என்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது திருகோணமலை. உள்ளே ஆழமான இயற்கைத் துறைமுகம், சுற்றிவர மலையும் காடும், வெளியே திறந்த சமுத்திரம். திரொண்ட்ஹைம் ஃபியோர்டையும் அப்படிப் பார்த்தால் விளங்கும். பெருங்கடலிலிருந்து நெடுந்தூரம் உள்ளே வளைந்து வரும் ஆழமான நீர்ப்பரப்பு, இரு கரையிலும் மலை. உள்ளே நிற்கும் கப்பலைக் கடலிலிருந்து அடிக்க முடியாது. வெளியே வந்தால் வட அத்திலாந்திக்குக்கும் வழி, சோவியத்தின் மூர்மன்ஸ்க் துறைமுகத்துக்கு ஆயுதமும் உணவும் கொண்டுபோன நேச நாட்டுக் கப்பல்களின் பாதைக்கும் வழி.

ஜேர்மனி நோர்வேக்குள் புகுந்த நாள் 1940 ஏப்ரல் 9. அன்றே திரொண்ட்ஹைமும் விழுந்தது. சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 1942 ஏப்ரல் 9இல், யப்பானிய விமானங்கள் திருகோணமலையைக் குண்டு வீசித் தாக்கின. ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அன்றுதான் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. திகதிகள் ஒன்றாய் வந்தது தற்செயல். ஆனாலும் ஏப்ரல் 9 என்று நோர்வேப் பிள்ளைகள் பாடசாலையில் படிக்கும்போது, அதே திகதிக்கு எங்கள் ஊரிலும் ஒரு கதை உண்டு என்று எங்கள் பிள்ளைகள் எழுந்து சொல்லலாம்.

ஆக்கிரமிப்பு நிலைத்ததும் ஜேர்மனியரின் திட்டங்கள் வளர்ந்தன. திரொண்ட்ஹைமுக்குத் தென்மேற்கே, ஓய்சான் பகுதியில், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜேர்மனியர் குடியேற ஒரு புது நகரமும் அதனோடு மாபெரும் கடற்படைத் தளமும் கட்ட நினைத்தார்கள். வரைபடத்தோடும் மாதிரியோடும் நின்ற நகரம் அது. கட்டி முடிந்தது டோரா ஒன்றுதான். பக்கத்தில் டோரா இரண்டைத் தொடங்கி, பாதியில் விட்டார்கள்.

கட்டியவர்கள்

1941 இலையுதிர் காலத்தில் வேலை தொடங்கியது. 1943 யூனில் தளம் பாவனைக்கு வந்தது. அதே மாதம் 13ஆவது நீர்மூழ்கிப் படையணி இங்கே அமைக்கப்பட்டது. பொறுப்பாக இருந்தது ஒர்கனிசேசன் டொட். ஐரோப்பாவெங்கும் ஜேர்மன் இராணுவத்துக்குக் கட்டடமும் வீதியும் அரணும் கட்டிய அமைப்பு. ஜேர்மன் கட்டட நிறுவனங்கள் ஒப்பந்தம் எடுத்தன. நோர்வேத் தொழிலாளிகளும் கூலிக்கு வேலை செய்தார்கள். ஆனால் சீமெந்தும் மண்ணும் இரும்பும் சுமந்தவர்களில் பலர் கைதிகள்: சோவியத் போர்க்கைதிகளும், யூகோஸ்லாவியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும். யூகோஸ்லாவியரில் பெரும்பாலானோர் சேர்பியர்.

மொத்தக் கணக்கைச் சொன்னால்தான் இதன் கனம் தெரியும். போர்க்காலத்தில் சுமார் ஓர் இலட்சம் சோவியத் கைதிகள் நோர்வேக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 13,700 பேர் இந்த மண்ணில் இறந்தார்கள். பசி, குளிர், நோய், துப்பாக்கி. அந்தப் போரில் உயிரிழந்த நோர்வேயரின் மொத்தத் தொகை பத்தாயிரம் அளவு. அதாவது நோர்வே மண்ணில் இறந்த சோவியத் கைதிகள், போரில் இறந்த நோர்வேயர் எல்லோரையும் விடக் கூட. யூகோஸ்லாவியக் கைதிகள் நாலாயிரத்துச் சொச்சம் பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வீடு திரும்பவில்லை.

திரொண்ட்ஹைமுக்கு வடக்கே எக்னே என்ற ஊரில் ஃபல்ஸ்தாட் என்ற முகாம் இருந்தது. அதற்கு முன் அது ஆண் பிள்ளைகளின் சீர்திருத்தப் பாடசாலை. அருகிலிருந்த காட்டுக்குள் 200க்கு மேற்பட்ட கைதிகளைக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். நோர்வேயர், யூகோஸ்லாவியர், சோவியத் மக்கள். இன்று அந்தக் கட்டடம் அருங்காட்சியகமும் மனித உரிமை நிலையமும். திரொண்ட்ஹைம் போகிறவர்கள் பேராலயத்தோடு நிறுத்தாமல் அங்கேயும் ஒருமுறை போய்வரலாம் என்பது எங்கள் எண்ணம்.

குண்டுகள் எங்கே விழுந்தன

1943 யூலை 24இல் அமெரிக்க விமானங்கள் திரொண்ட்ஹைம் துறைமுகத்தைத் தாக்கின. யூ-622 என்ற நீர்மூழ்கி அன்று துறைமுகத்திலேயே மூழ்கியது. பட்டறைகள் சேதமாயின. டோரா அசையவில்லை. 1944 நவம்பர் 22 இரவு பிரித்தானியா 171 லங்காஸ்ரர் விமானங்களை அனுப்பியது. நகரத்தைச் சுற்றி ஜேர்மனியர் புகைத்திரை போட்டிருந்தார்கள். கீழே இலக்குத் தெரியாததால் தலைமை விமானி தாக்குதலைக் கைவிடச் சொன்னார். அவ்வளவு விமானங்களும் குண்டு போடாமலே திரும்பின. இருட்டில், புகைக்கு மேலால், நகரம் முழுவதும் மக்கள் படுத்திருக்கும்போது குண்டுகள் விழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்க அதிக கற்பனை வேண்டியதில்லை. ஏனென்றால் ஏழு வாரங்களுக்கு முன்னர் பேர்கனில் அது நடந்திருந்தது.

1944 ஓகஸ்டில் பிரான்சின் மேற்குக் கரைத் தளங்கள் ஜேர்மனியரின் கையை விட்டுப் போகத் தொடங்கின. நீர்மூழ்கிகள் நோர்வேக்கு வந்து குவிந்தன. புரூனோ முக்கிய இலக்காயிற்று. அது கட்டப்பட்ட லக்ஸவோக், தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி. 1944 ஒக்ரோபர் 4 காலை பிரித்தானிய, கனேடியப் படையணிகளின் விமானங்கள் வந்தன. புரூனோவின் மேல் சில குண்டுகள் விழுந்தன, கூரை தாங்கிக்கொண்டது. அருகே ஹோலன் பாடசாலைக்குள் இருந்த 61 பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள். அன்று இறந்த பொதுமக்கள் மொத்தம் 193 பேர்.

குண்டு போட்டவர்கள் நோர்வேயின் எதிரிகள் அல்ல, நட்பு நாடுகள். நோர்வே அரசு அப்போது இலண்டனில் இருந்து இயங்கியது. அதனால் இந்தத் துயரத்தைப் பற்றிப் பேசுவது நீண்ட காலம் இலகுவாக இருக்கவில்லை. விடுதலை தந்தவர்களை எப்படிக் குறை சொல்வது? ஆனால் பேர்கன் மக்கள் அந்தப் பிள்ளைகளை மறக்கவில்லை. நினைவுக்கல் உண்டு, பெயர்கள் உண்டு. 1995 செப்ரெம்பர் 22இல் நாகர்கோவில் பாடசாலையில் நடந்ததை அறிந்த எங்கள் வாசகர்களுக்கு, லக்ஸவோக்கைப் பற்றி இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

புரூனோவோடு சம்பந்தப்பட்ட இன்னொரு செய்தி, மீன் வாங்குகிறவர்களுக்காக. யூ-864 என்ற நீர்மூழ்கி புரூனோவில் திருத்தம் பார்த்துக்கொண்டு, சுமார் 67 தொன் பாதரசத்தோடு யப்பானுக்குப் புறப்பட்டது. 1945 பெப்ரவரி 9இல் ஃபெட்யே தீவுக்கு அருகே வெஞ்சரர் என்ற பிரித்தானிய நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. நீருக்குள் இருந்தபடியே ஒரு நீர்மூழ்கி, நீருக்குள் இருந்த இன்னொன்றை வேட்டையாடி அழித்த ஒரே சம்பவம் என்று இதைச் சொல்வார்கள். கப்பலில் இருந்த 73 பேரும் இறந்தார்கள். பாதரசம் கசிவதால் அந்த இடத்தருகே பிடிக்கும் கடலுணவைக் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் சாப்பிட வேண்டாம் என்று அதிகாரிகள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். போர் முடிந்து எட்டுத் தசாப்தம் ஆகிறது.

இடிக்க முடியாத கட்டடம்

1945 மே 8இல் ஜேர்மனி சரணடைந்தபோது திரொண்ட்ஹைமில் பல நீர்மூழ்கிகள் நின்றன. அவற்றுள் ஒன்று யூ-995. நோர்வே கடற்படை அதை எடுத்து 'கௌரா' என்று பெயர் மாற்றிச் சில காலம் பாவித்தது. பிறகு ஜேர்மனிக்கே திரும்பிப் போய், இன்று கீல் நகருக்கு அருகே லபோ கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. ஜேர்மனியில் உறவினர் இருப்பவர்கள் பலர் அதற்குள் ஏறிப் பார்த்திருப்பீர்கள். அது புறப்பட்ட இடங்களில் ஒன்று திரொண்ட்ஹைம் என்பது இனி நினைவில் நிற்கட்டும்.

டோராவை என்ன செய்வது? ஆக்கிரமிப்பின் சின்னம் என்று இடிக்க நினைத்தார்கள். வெடி வைத்துத் தகர்ப்பதானால் அந்தத் தடிப்புக்கு வேண்டிய வெடிமருந்து சுற்றியுள்ள வீடுகளையும் சேர்த்துச் சேதப்படுத்தும் என்று தெரிந்தது. அதனால் விட்டுவிட்டார்கள். பெருமைக்காகவோ நினைவுக்காகவோ பாதுகாத்ததாகப் பின்னாளில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இடிக்க வழியில்லாமல் நின்ற கட்டடம் இது. 1950களின் நடுப்பகுதி வரை நோர்வே கடற்படை வைத்திருந்தது. பின் தனியார் கைக்குப் போனது. களஞ்சியம், பட்டறை, படகு நிறுத்துமிடம், பந்துருட்டும் பௌலிங் மண்டபம் என்று என்னென்னவோ உள்ளே வந்தன. பழைய கூரைக்கு மேலேயே புதிய மாடிகளைக் கட்டினார்கள். அதைவிட உறுதியான அத்திவாரம் எங்கே கிடைக்கும்?

திருகோணமலைக் காட்டுக்குள் நிற்கும் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகளை இங்கே ஒப்பிடத் தோன்றுகிறது. மொத்தம் 99 தாங்கிகள். கீழ்ப் பகுதியில் உள்ள 15ஐ இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளை 2003இலிருந்து நடத்துகிறது. மேலே உள்ள 84இல் பெரும்பாலானவை தசாப்தக் கணக்காகத் துருப்பிடித்து மரங்களுக்குள் மறைந்து கிடந்தன. யார் அதை எடுப்பது என்ற பேரம் மட்டும் கொழும்புக்கும் டில்லிக்கும் இடையில் ஓயாமல் நடந்தது. அந்தத் தாங்கிகளை நிலத்தில் நட்ட தொழிலாளர்களின் பெயர்களைத் தேடி யாரும் பேரம் பேசவில்லை.

எலும்புகளும் பெயர்களும்

நோர்வேயும் இந்த விடயத்தில் எப்போதும் நல்ல பிள்ளையாக இருக்கவில்லை. 1951இல், பனிப்போர் கடுமையாக இருந்த நேரம், சோவியத் கைதிகளின் கல்லறைகள் வடக்கு நோர்வே முழுவதும் பரந்து கிடந்தன. கல்லறை பார்க்க வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு சோவியத் ஆட்கள் இராணுவ இடங்களை வேவு பார்ப்பார்கள் என்று அரசு பயந்தது. உடல்களைத் தோண்டி எடுத்து, ஷ்யோட்டா என்ற தீவில் ஒரே இடத்தில் புதைத்தார்கள். தார் பூசிய கடதாசிச் சாக்குகளில் எலும்புகளை ஏற்றியதால் 'அஸ்பால்ட் நடவடிக்கை' என்று அதற்குப் பெயர். பழைய நினைவுத்தூண்கள் பல உடைக்கப்பட்டன. மோ இ ரானா நகரத்து மக்கள் வீதிக்கு வந்து எதிர்த்தார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கிடக்கும் அந்த மயானத்தில் மிகப் பெரும்பாலானவர்களுக்குத் தனிக் கல்லறையும் இல்லை, பெயரும் இல்லை. துயிலும் இல்லங்கள் புல்டோசர்களால் கிளறப்பட்டதைக் கண்ட எங்களுக்கு, ஒரு சனநாயக நாடும் இதைச் செய்திருக்கிறது என்பது கசப்பான செய்தி.

வித்தியாசம் பின்னால் வந்தது. கைதிகளைப் பற்றி ஜேர்மன் இராணுவம் எழுதி வைத்த அட்டைகள், முகாம் பட்டியல்கள், கல்லறைப் பதிவுகள் ஆகியவற்றை ஒப்பிட்டு, நோர்வே ஆய்வாளர்கள் பெயர்களைத் தேடத் தொடங்கினார்கள். ஃபல்ஸ்தாட் நிலையத்தின் பங்களிப்போடு 'கிரிக்ஸ்கிராவர்', அதாவது போர்க் கல்லறைகள், என்ற இணையத் தரவுத்தளம் உருவானது. உக்ரைனிலோ ரஷ்யாவிலோ சேர்பியாவிலோ இருக்கும் ஒரு பேரப்பிள்ளை, தாத்தாவின் பெயரைத் தட்டி அவர் நோர்வேயில் எங்கே இறந்தார் என்று தேடிப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கானோருக்கு இப்படிப் பெயர் திரும்பக் கிடைத்தது. பகைவன் எழுதிய கடதாசி என்றாலும் யாரோ அதை எறியாமல் வைத்திருந்ததால் கிடைத்தது.

உள்ளே இப்போது இருப்பது

கடதாசி என்று சொன்னோம். டோராவுக்குள் இன்று இருப்பதும் அதுதான். 2006இலிருந்து அங்கே ஆவண நிலையம் இயங்குகிறது. அரச ஆவணக் காப்பகத்தின் திரொண்ட்ஹைம் பிரிவும் நகரசபைக் காப்பகமும் அங்கே வந்தன. பல்கலைக்கழக நூலகமும் தன் பழைய சேகரிப்புகளைக் கொண்டுவந்து வைத்தது. தேவாலயப் பதிவேடுகள், நீதிமன்றப் புத்தகங்கள், காணிப் பதிவுகள். நீர்மூழ்கிகளைக் குண்டிலிருந்து காக்கக் கட்டிய சுவர்கள் நெருப்பிலிருந்தும் வெப்பநிலை மாற்றத்திலிருந்தும் கடதாசிகளைக் காக்கின்றன.

அந்தக் காப்பகத்தின் ஒரு தொகுதியை எங்கள் வாசகர்களுக்குத் தனியே சொல்ல வேண்டும்: திரொண்ட்ஹைம் பொலிசாரின் குடிபெயர்ந்தோர் பதிவேடு. 1867இலிருந்து, அந்தத் துறைமுகத்தால் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிய ஒவ்வொருவரின் பெயர், வயது, ஊர், தொழில், போகும் இடம் எல்லாவற்றையும் பொலிசார் எழுதி வைத்தார்கள். சுமார் நூறு ஆண்டுக் காலத்தில் எட்டு இலட்சம் நோர்வேயர் வறுமை காரணமாக நாட்டை விட்டுப் போனார்கள். மினசோட்டாவிலிருந்து வரும் அவர்களின் கொள்ளுப் பேரர்கள் இந்தப் பதிவேட்டில் ஒரு வரியைக் கண்டு, மூதாதையரின் பண்ணையைத் தேடிப் போகிறார்கள்.

எங்களிடம் இருந்ததை 1981 மே 31 இரவு தொடங்கி எரித்தார்கள். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்களும், வேறெங்கும் பிரதி இல்லாத ஏட்டுச் சுவடிகளும் போயின. அதற்குப் பிறகு இடம்பெயர்வு மேல் இடம்பெயர்வு. காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை, கலியாணப் படம் என்று ஒவ்வொரு வீட்டிலும் எதையோ விட்டுவிட்டு வந்தோம்.

ஆனால் இங்கே வந்த பிறகு எங்களைப் பற்றி எழுதப்பட்ட கடதாசிகள் இருக்கின்றன. 1980களில் மக்கள் உயர்நிலைப் பாடசாலைகளுக்கு வந்தவர்கள், ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் வேலை செய்தவர்கள், அடைக்கலம் கேட்டு விசாரிக்கப்பட்டவர்கள் என்று எல்லோருக்கும் ஒரு கோவை எங்கோ உண்டு. அந்த ஃபின்மார்க் ஊர்களில் வீடுகள் ஏன் ஒரே சாயலில் இருந்தன தெரியுமா? 1944 இலையுதிர் காலத்தில் பின்வாங்கிய ஜேர்மனியர் ஊர்களையெல்லாம் எரித்து, சுமார் 50,000 மக்களை வலிந்து வெளியேற்றினார்கள். போருக்குப் பின் அரசு அச்சடித்தது போல் திரும்பக் கட்டிக் கொடுத்த வீடுகள் அவை. இடம்பெயர்ந்தவர்கள் திரும்பி வந்து கட்டிய ஊர்களில்தான் எங்கள் ஆட்களும் முதற் சம்பளம் எடுத்தார்கள்.

நடைமுறை விபரம் இது. அரச திணைக்களங்களின் பழைய கோவைகள் பொதுவாக 25, 30 ஆண்டுகளுக்குப் பின் தேசிய ஆவணக் காப்பகமான ரிக்ஸ்ஆர்கிவேக்குப் போகும். தனிப்பட்ட விபரங்கள் 60 ஆண்டுகள் வரை மற்றவர்களுக்கு மூடப்பட்டிருக்கும். தன் சொந்தக் கோவையைப் பார்க்கச் சம்பந்தப்பட்டவர் விண்ணப்பிக்கலாம். 'இன்ஸீன்' என்று கேட்க வேண்டும். பாடசாலை, சிறுவர் நலன் போன்றவற்றின் பதிவுகள் நகரசபைக் காப்பகங்களில் இருக்கும். அப்பாவின் விசாரணைக் குறிப்பு பழைய நோர்வே மொழியில், மொழிபெயர்ப்பாளர் சொன்னபடி, பிழைகளோடும் இருக்கலாம். இருந்தாலும் அவர் உயிரோடு இருக்கும்போதே எடுத்து, பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டி, எங்கே பிழை என்று கேட்டு எழுதி வையுங்கள்.

சங்கங்கள், ஆலயங்கள், தமிழ்ப் பாடசாலைகளின் கடதாசிகள் வேறு கதை. கூட்டக் குறிப்புக் கொப்பிகள், கலைவிழா மலர்கள், கணக்குப் புத்தகங்கள், ஒளிநாடாக்கள் என்று எல்லாம் முன்னாள் செயலாளரின் கெல்லர் அறையில், பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் பழைய தள்ளுவண்டிக்கும் நடுவே பெட்டியில் கிடக்கின்றன. வீடு மாறும்போது அந்தப் பெட்டி குப்பைக்குப் போகும். தனியார் அமைப்புகளின் ஆவணங்களையும் நோர்வேக் காப்பகங்கள் ஏற்கின்றன. கொடுக்கும்போது யார் பார்க்கலாம், எத்தனை ஆண்டுக்குப் பின் திறக்கலாம் என்று ஒப்பந்தத்தில் நீங்களே நிபந்தனை எழுதலாம். ரிக்ஸ்ஆர்கிவே இருப்பது சொக்ன்ஸ்வான் ஏரிக்குப் பக்கத்தில், அதன் களஞ்சியங்கள் மலையைக் குடைந்த மண்டபங்களில். அம்மருட்டிலிருந்து போவதற்குக் காரும் வேண்டாம். டி-பானேயில் ஏறி, சொக்ன்ஸ்வான் கடைசித் தரிப்பில் இறங்கினால் கிட்டத்தான்.